கடற்பஞ்சுக்குப் பருக்கிய பால்

எனக்கு அந்த மனிதர் மேல் இன்னும் கோபம் இருக்கிறது. இருக்கிறாரோ இல்லையோ தெரியாத ஒருவரைப் பற்றி எழுதும்போது நாலு நல்ல வார்த்தையில் தொடங்க வேண்டும் என்று என் மனைவி சொல்கிறாள். அவள் எழுதட்டும். எனக்கு அப்படி வராது.

பெயர் வேண்டாம். தொண்ணூறுகளில் ஜெர்மனியில், பீலெஃபெல்டில் இருந்த எங்கள் ஆட்களுக்கு அவர் மன்னார் அண்ணை. ஊரில் சங்கு குளித்தவர். கட்டையான, கருத்த மனிதர். நெஞ்சு மட்டும் தண்ணீர்ப் பீப்பாய் மாதிரி. வலது காது ஆழத்தில் உடைந்து போனது. யாராவது பேசினால் இடது காதைத் திருப்பி, கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். புதிதாகப் பார்ப்பவர்கள் நித்திரை என்று நினைப்பார்கள்.

அவருக்கு ஒரு வருத்தம், ஒரு நோய், இருந்தது. நான் அதை வருத்தம் என்றுதான் சொல்வேன். கண்ணால் கண்டதைத் தவிர வேறு ஒன்றும் அவர் வாயில் வராது. கண்டதை மறைக்கவும் தெரியாது. "கண்டனான்" என்பார், அல்லது "காணேல்லை" என்பார். மற்ற மனிதர்கள் சீவிக்கிற இடம் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கிறது. அந்த இடம் அவரிடம் இல்லை.

ஒரு தடவை பூசை முடிந்து கோவில் வாசலில் நிற்கிறோம். யாழ்ப்பாணத்து அக்கா ஒருத்தி தன் மகளுக்குப் பார்த்த மாப்பிள்ளையைப் பற்றி இவரிடம் விசாரித்தாள். பெடியன் இவர் இருந்த அகதி விடுதிக்கு வந்து போகிறவன்.

"பெடியன் எப்பிடி அண்ணை?"

"ரெண்டு தரம் கண்டனான்."

"ஓம்?"

"ரெண்டு தரமும் குடிவெறி."

கலியாணம் நின்றது. அடுத்த ஞாயிறு பெடியனின் தாய் வந்து, எல்லார் முன்னாலும் வைத்து ஏசினாள். "ஒரு சொல்லு நல்லதாச் சொன்னால் உம்மட வாய் கோணிப் போயிடுமோ?"

அவர் கண்ணை மூடிக் கேட்டு முடித்துவிட்டுச் சொன்னார்: "மூண்டாம் தரம் காணேக்க வெறியில்லாட்டி, அதையும் சொல்லுவன் அம்மா."

சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

அகதி விசாரணையிலும் இதே கதைதான். மொழிபெயர்த்தவர் எங்கள் ஆள். அவரே பிறகு சொல்லி அழுதார். ஒரு நாள் மன்னார் அண்ணை கடலுக்குள் இறங்கியிருக்க, வள்ளத்தில் இருந்த அவருடைய தம்பி இல்லாமல் போனான். அதிகாரி யார் சுட்டது என்று கேட்டார்.

"காணேல்லை. நான் தண்ணிக்குள்ள."

"வெடிச் சத்தம் கேட்டதோ?"

"டப் எண்டு ஒண்டு கேட்டது. வெடியோ, வள்ளத்தில என்னவும் அடிபட்டதோ தெரியாது."

"மேல வந்து என்ன பாத்தீங்கள்?"

"வள்ளம் நிண்டது. தம்பி இல்லை."

மொழிபெயர்த்தவர் தாங்கமாட்டாமல், "அண்ணை, ஆர் எண்டு ஒரு பேரைச் சொல்லுங்கோ" என்று தமிழில் மெதுவாகச் சொல்லியிருக்கிறார். இவர் அவரைப் பார்த்து, "நீர் கண்டனீரோ?" என்று கேட்டிருக்கிறார். விண்ணப்பம் தள்ளுபடி. கையில் கொடுத்தது டுல்டுங். இப்போதைக்கு உன்னை அனுப்பவில்லை, அவ்வளவுதான், என்று சொல்கிற காகிதம்.

நான் என் விசாரணையில் சொன்னது கண்டது பாதி, கேட்டது பாதி. எனக்கும் தள்ளுபடிதான், எனக்கும் டுல்டுங்தான். இதை அவர் ஒரு நாளும் சொல்லிக் காட்டவில்லை. சொல்லிக் காட்டியிருந்தால் ஒரு அடி போட்டுவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

நாங்கள் இரண்டு பேரும் ஊருக்கு வெளியே ஒரு மீன் காட்சி மண்டபத்தில் துப்புரவு வேலை செய்தோம். தனியார் இடம், இப்போது அது இல்லை. கண்ணாடித் தொட்டிகள், கடல்மீன், நண்டு, பார்க்க வரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள். முதலாளியை ஷெஃப் என்று கூப்பிடுவோம். தொட்டிகளைப் பார்க்க ஒரு பெண் இருந்தாள். விலங்கியலில் டொக்டர் பட்டம் எடுத்தவள். அவளை நாங்கள் டொக்டர் அம்மா என்போம்.

கடைசி அறையில் ஒரு சின்னத் தொட்டி. அதற்குள் ஒரு கல். கல்லில் மூன்று குழாய்கள், மஞ்சளும் மண்ணிறமும் கலந்து, உள்ளங்கை உயரம். கடற்பஞ்சு. முதல் நாள் நான் அதை ஏதோ செடி என்று நினைத்தேன். டொக்டர் அம்மா பிள்ளைகளுக்கு விளக்கும்போது தும்புத்தடியோடு நின்று கேட்டதில் தெரிந்துகொண்டேன், அது விலங்கு. வாய் இல்லை. வயிறு இல்லை. இதயம் இல்லை. ஒரு நரம்பு கிடையாது. குஞ்சாக இருக்கும்போது கொஞ்ச நேரம் நீந்தும். பிறகு ஒரு இடத்தில் ஒட்டினால் சாகும்வரை அங்கேதான். உடம்புச் சுவர் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத துளைகள். உள்ளே இருக்கிற உயிர்க்கலங்கள் ஒவ்வொன்றும் ஒரு சின்னச் சவுக்கை அடித்துக்கொண்டே இருக்கும். அந்த அடியில் தண்ணீர் துளைகளால் உள்ளே இழுபடும். அதில் வருகிற கிருமிகளைக் கலங்கள் பிடித்துத் தின்னும். மிச்சத் தண்ணீர் குழாயின் மேல் வாயால் வெளியே போகும். நாள் முழுக்க இதுதான் வேலை.

சில வகைகளைத் துணியில் வைத்துப் பிழிந்து கலம் கலமாகப் பிரித்துவிட்டாலும், திரும்பத் தேடி ஒன்றுசேர்ந்து புதிதாக வளருமாம். அதைக் கேட்டுவிட்டு எங்கள் ஆள் ஒருவர் "எங்கட சனம் மாதிரி" என்று கவிதை பேசினார். எங்களைப் பிழிந்த பிறகு யார் ஒன்றுசேர்ந்தது? விசர்க் கதை.

மன்னார் அண்ணைக்கு அந்தப் பஞ்சைத் தெரியும். கடலடியில் சங்கு தேடித் தடவும்போது கையில் படுவதாம். "சிலது கண்ணாடித் தூள் மாதிரிக் குத்தும். ரெண்டு நாள் கடிக்கும்" என்று விரலைக் காட்டுவார். அதன் எலும்பே அந்த ஊசிகள்தான் என்றாள் டொக்டர் அம்மா. மன்னார் அண்ணை எனக்குத் தெளிவாகச் சொல்லியும் இருந்தார்: "தம்பி, இதைத் தண்ணிக்கு வெளியில எடுத்துப்போடாதையும். ஓட்டைக்குள்ள காத்துப் போனால் திரும்பி வராது. அந்த இடம் அழுகும். ஊரில நான் ரெண்டைத் தூக்கிப் பாத்தனான். ரெண்டும் அழுகினது."

கேட்டேன். கேட்டுவிட்டுத்தான் செய்தேன்.

அந்தத் திங்கட்கிழமை ஷெஃப் கண்ணாடியெல்லாம் மின்ன வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். கல்லுக்குப் பின்னால் பச்சைப் பாசி. எங்கள் வீடுகளில் தரை கழுவுவதென்றால் கதிரை, பாய், சாமிப்படம் எல்லாவற்றையும் முதலில் முற்றத்தில் எடுத்து வைப்போம். ஜெர்மன்காரன் பொருளைச் சுற்றித் துடைப்பான். எனக்கு அது துப்புரவே இல்லை. கல்லை இரண்டு கையாலும் தூக்கித் தட்டில் வைத்தேன். பஞ்சிலிருந்து தண்ணீர் சொட்டி வடிந்தது. பத்து நிமிடம் அவசரமில்லாமல் ஆறுதலாகத் தேய்த்தேன். திரும்ப எடுத்து வைக்கும்போது வாசலில் மன்னார் அண்ணை வாளியோடு நின்றார். வாளியைத் தூக்கிக்கொண்டு போனார்.

அந்த வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு எனக்கு வெளிநாட்டவர் அலுவலகத்தில் டெர்மின், வரச்சொல்லிக் குறித்துக் கொடுத்த நேரம். நீண்ட காலம் இருந்த குடும்பங்களுக்கு, வேலை இருந்தால், விசா கொடுக்கலாம் என்று ஒரு ஒழுங்கு வந்திருந்தது. எனக்கு மனைவி, இரண்டு பிள்ளைகள். தேவைப்பட்டது ஷெஃப் கையெழுத்துப் போட்ட ஒரு வேலைக் கடிதம் மட்டும். அது இருந்தால் இருக்கலாம். இல்லாவிட்டால் பெட்டி கட்ட வேண்டியதுதான். வெள்ளி காலையில் வந்து வாங்கு என்று சொல்லியிருந்தார்.

புதன்கிழமை காலை கடைசி அறை நாறியது. ஒரு குழாய் நனைந்த பத்திரிகைத் தாள் போலச் சாம்பல் நிறமாக இருந்தது. இன்னொன்றும் அடியில் கறுத்திருந்தது. டொக்டர் அம்மா இடுக்கியால் மெதுவாக அமத்தினாள். மேல் வாயால் ஒரு காற்றுக்குமிழ் வந்தது. அவள் முகம் மாறியது. "யாரோ வெளியே எடுத்திருக்கிறார்கள்" என்று சொல்லிவிட்டு ஷெஃப்பிடம் போனாள்.

உடுப்பு மாற்றுகிற அறையில் மன்னார் அண்ணையைப் பிடித்தேன்.

"அண்ணை, கேட்டால் காணேல்லை எண்டு சொல்லுங்கோ."

"கண்டனான் தானே."

"பொய் சொல்லச் சொல்லேல்லை. தெரியாது எண்டு சொல்லுங்கோ. உங்களுக்கு டொச் பாசையே தெரியாதுதானே, அதையே சொல்லுங்கோ."

"கேக்காட்டிச் சொல்லமாட்டன்."

"கேட்டால்?"

அவர் சப்பாத்து நூலைக் கட்டிக்கொண்டிருந்தார்.

ஷெஃப்பின் அறையில் கோப்பி மேசை. அதற்கு முன்னால் நாங்கள் இருவரும் நின்றோம். ஷெஃப் முதலில் என்னைக் கேட்டார். நான் எடுக்கவில்லை, பம்பு நின்றிருக்கும் என்றேன். சத்தமாக, கோபமாகவே சொன்னேன். பொய்க்குக் கோபம் நல்ல துணை. அவர் தலையாட்டினார். பிறகு மன்னார் அண்ணையைக் கேட்டார்.

அவர் இடது காதைத் திருப்பினார். கண்ணை மூடினார். அந்த முகத்தில் ஓங்கி ஒன்று கொடுக்க வேண்டும் போல இருந்தது. அவருடைய ஜெர்மன் ஒரு கைப்பிடிச் சொற்கள்தான்.

"இவர். வெளியே. திங்கள். நான் பார்த்தேன்."

ஷெஃப் என்னைப் பார்த்தார். கத்தவில்லை. பஞ்சை இன்னொன்று தேடலாம், காலையில் கதவைத் திறக்கத் திறப்பை நம்பிக் கொடுத்திருக்கிற ஆள் பொய் சொன்னால் வைத்திருக்க முடியாது என்றார். என் காதில் விழுந்தது அந்தக் கடைசிச் சொல் மட்டும். டொக்டர் அம்மா, முழுவதும் செத்துவிட்டது, எடுத்து எறிய வேண்டும், மற்றத் தொட்டிகளின் தண்ணீரும் கெட்டுவிடும் என்றாள்.

"செத்தது, நான் பார்க்கவில்லை" என்றார் மன்னார் அண்ணை.

மூன்று பேரும் அவரைத் திரும்பிப் பார்த்தோம். அவர் மேசையில் இருந்த கோப்பிப் பாலில் ஒன்றை எடுத்தார். அந்தச் சின்னப் பிளாஸ்டிக் கிண்ணம், மூடியை உரித்து ஊற்றுவது. எடுத்துக்கொண்டு கேளாமலே கடைசி அறைக்கு நடந்தார். பின்னால் போனோம். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"என்ன, சாகக் கிடக்கிறதுக்குப் பால் பருக்கப் போறியளோ?"

"ஓம்" என்றார்.

டொக்டர் அம்மா பஞ்சுக்குத் தீனி கொடுக்கிற கண்ணாடிச் சொட்டுக்குழாயில் மன்னார் அண்ணை பாலை எடுத்தார். முழங்கைவரை தண்ணீருக்குள் விட்டு, சாம்பல் குழாயின் அடியில், சுவருக்குப் பக்கத்தில், ஒரு சொட்டு விட்டார். பால் அங்கேயே தொங்கி, தானாகக் கலைந்தது. கறுத்த குழாயின் பக்கத்தில் ஒன்று. அதுவும் அப்படியே. மூன்றாவதின் அடியில் விட்டார். பால் கொஞ்சம் நின்றது. பிறகு வெள்ளை மெல்ல ஒடுங்கிச் சுவருக்குள் போனது. யாரோ உறிஞ்சினது போல. மேல் வாயால், சாம்பிராணிப் புகை போல, ஒரு வெள்ளை நூல் எழுந்தது.

"இது சாகேல்லை" என்று என்னிடம் தமிழில் சொன்னார்.

டொக்டர் அம்மா குனிந்து கண்ணாடியோடு முகத்தை வைத்துப் பார்த்தாள். இதை நாங்கள் சாயம் விட்டுப் பார்ப்போம், இவருக்கு யார் சொன்னது என்று கேட்டாள். நான் மொழிபெயர்த்தேன். "கடலில காலடிச் சேறு கலங்கினால் இப்பிடித்தான் அடியால போய் மேலால வரும்" என்றார் அவர்.

அவள் கத்தியை எடுத்து, தண்ணீருக்குள் வைத்தே செத்த இரண்டு குழாய்களையும் வெட்டி எடுத்தாள். விரலளவு நல்ல துண்டு இருந்தாலே போதும், ஆனால் அழுகல் அதற்குள்ளும் இறங்கியிருக்கலாம், இரண்டு நாளில் தெரியும் என்றாள். ஷெஃப் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "வெள்ளி ஒன்பது மணி. செத்திருந்தால் இவர் கடிதம் இல்லாமல் போகலாம். உயிரோடு இருந்தால் பேசுவோம்."

உடுப்பு அறையில் நான் மன்னார் அண்ணையை அலுமாரியோடு சேர்த்து அமத்தினேன்.

"என்ர பிள்ளையள் ரெண்டும் இஞ்ச பிறந்ததுகள். உங்களுக்கு ஆர் இருக்கினம்? தனிக்கட்டை. அதுதான் வாய் நீளுது."

அவர் என் கையைத் தட்டிவிடவில்லை. "கேட்டவர், சொன்னனான்."

"நான் உங்களுக்கு என்ன செய்தனான்?"

"ஒண்டும் செய்யேல்லை. பஞ்சுக்குச் செய்தனீர்."

இப்படிப் பேசுகிற மனிதரோடு என்ன செய்வது?

வியாழன் பால் புகைந்தது. முதல் நாளைவிட மெல்லிய நூல். மனைவியிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. அவள் டெர்மினுக்காகப் பிள்ளைகளின் சட்டையை ஸ்திரிக்கைப் பெட்டியால் அழுத்தி வைத்திருந்தாள்.

வெள்ளி ஏழு மணிக்கே போய்விட்டேன். மன்னார் அண்ணை எனக்கு முதலே வந்து, தொட்டிக்கு முன்னால் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதில் இருந்தார். எட்டரைக்கு டொக்டர் அம்மாவும் வந்தாள். அவர் சொட்டு விட்டார். பால் தொங்கியது. கலைந்தது. திரும்ப விட்டார். கலைந்தது. குழாயின் மேல் வாய் சுருங்கி, மூடியிருந்தது.

"சில நேரம் இப்படி மூடிக்கொண்டு சும்மா இருக்கும். சாவதற்கு முதலும் மூடும்" என்றாள் அவள்.

"இப்ப கொஞ்சம் வந்தது. நான் கண்டனான்" என்றேன் நான்.

"நான் காணேல்லை."

"அண்ணை, ஷெஃப் வாறார். வந்தது எண்டு சொல்லுங்கோ. கும்பிட்டுக் கேக்கிறன். அவர் உங்கட சொல்லைத்தான் நம்புவார்."

"அதாலதான் சொல்ல ஏலாது" என்றார்.

ஷெஃப் வந்தார். கையில் கடிதம், தட்டச்சு செய்தது, கையெழுத்து இல்லாமல். மன்னார் அண்ணையிடம்தான் கேட்டார், என்னிடம் இல்லை. உயிரோடு இருக்கிறதா?

"தெரியாது. நேற்று, ஆம். இன்று, பார்க்கவில்லை."

ஷெஃப் என் பக்கம் திரும்பினார். "நீ பார்த்தாயா?"

ஆம் என்ற சொல் வாயில் தயாராக இருந்தது. பக்கத்தில் அந்த மனிதர் காதைத் திருப்பிக் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். நான் என்ன சொன்னாலும் அவர் மறுக்கப்போவதில்லை. அவரை யாரும் கேட்கவில்லை. ஆனால் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு ஆத்திரம் தலைக்கு ஏறியது. அந்த ஆத்திரத்தில்தான் சொன்னேன்: "பார்க்கவில்லை. நான்தான் வெளியே எடுத்தேன். எடுக்காதே என்று இவர் முதலே சொன்னார். அதன் பிறகும் எடுத்தேன். புதன் சொன்னது பொய்."

ஷெஃப் கடிதத்தை ஒரு தடவை வாசித்தார். அதில் இரண்டு வரிதான்: இன்னார் இங்கே வேலை செய்கிறார், இன்ன நாளிலிருந்து. "இன்றைக்கு இது உண்மைதான்" என்றார். தொட்டியின் விளிம்பில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். கடிதத்தின் ஒரு மூலை நனைந்தது. திங்களுக்கு வேலைக்கு வருவதா என்று கேட்டேன். திங்கள் பார்ப்போம் என்றார்.

அலுவலகத்தில் அந்த நனைந்த மூலையை அதிகாரி விரலால் தடவிப் பார்த்தாள். என்ன ஈரம் என்று கேட்டாள். கடல்தண்ணீர் என்றேன். பகிடி விடுகிறேன் என்று நினைத்திருப்பாள். முத்திரை குத்தினாள்.

மத்தியானம் ஒரு மணிக்குத் திரும்பி வந்தேன். மன்னார் அண்ணை வேலையை முடித்துவிட்டு அதே வாளியில் இருந்தார்.

"வந்திட்டுதோ?" என்று கேட்டேன்.

"ஓம். பதினொண்டரைக்குத் திறந்தது. பால் மேலால வந்தது. கண்டனான்."

நான் தொட்டியைக் குனிந்து பார்க்கவில்லை. தேவைப்படவில்லை.

திங்களும் வேலைக்குப் போனேன். யாரும் போ என்று சொல்லவில்லை. ஆனால் காலைத் திறப்பு அதன்பிறகு மன்னார் அண்ணையிடம் இருந்தது. அது எனக்குப் பெரிய அவமானம். அவர் திறப்பார், நான் பின்னால் போவேன். அந்த விரலளவு பஞ்சு மெல்ல வளர்ந்தது.

குடும்பம் இல்லாதபடியால் அந்த ஒழுங்கு அவருக்குப் பொருந்தவில்லை. மேன்முறையீட்டுக்கு ஒரு வக்கீல் பிடித்தோம். தம்பியின் சம்பவத்துக்கு ஒரு சாட்சி இருந்தால் நல்லது என்றார் வக்கீல். நான் அன்றைக்கு அந்தக் கரையில் நின்றேன் என்று சொல்கிறேன் என்றேன். உண்மையில் நான் மன்னார்க் கரையை மிதித்ததே இல்லை. எனக்கு விசா இருந்தது, இழக்க ஒன்று இருந்தது, இருந்தும் சொன்னேன். அதை அவர் விளங்கிக்கொள்ள வேண்டும் என்று நினைத்தேன்.

"நீர் காணேல்லைத் தானே" என்றார்.

"காணாட்டி என்ன? உங்கட தம்பி இல்லாமல் போனது உண்மைதானே?"

"அது உண்மை. அதை நான் சொல்லிட்டன்."

வக்கீலின் படிகளில் நின்று அவரைக் கெட்ட வார்த்தையில் ஏசினேன். அதுதான் நான் அவரோடு நேருக்கு நேர் பேசிய கடைசிப் பெரிய பேச்சு. கோடையில் ஒரு திங்கட்கிழமை மண்டபம் பூட்டியபடி இருந்தது. திறப்பு ஷெஃப்பின் தபால்பெட்டிக்குள் ஒரு கடித உறையில் கிடந்தது. அவருடைய விடுதி அறையில் கட்டிலும் மேசையும் மட்டும், அவர் இல்லை.

ஞாயிறுகளில் கோவில் வாசலில் இன்னும் அவர் கதை வரும். பிடித்து அனுப்பிவிட்டார்கள் என்கிறார்கள். கனடாவில் கண்டதாக ஒருவர் சத்தியம் பண்ணுகிறார். மன்னாரில் திரும்பக் கடலுக்குள் இறங்கி, ஏறி வரவில்லை என்று இன்னொருவர் நேரில் நின்றவர் மாதிரி விபரிக்கிறார். பிறகு எல்லாரும் என்னைப் பார்ப்பார்கள், சேர்ந்து வேலை செய்தவன் என்று.

எனக்குக் கோபம் வரும். அவர் மேல்தான்.

"நான் காணேல்லை" என்பேன்.